பாத்திரத்தின் வாயும் படைத்தவரின் பொறுப்பும்

கதையில் வரும் பாத்திரம் ஒன்று தவறான கருத்தைக் கூறுகிறது. அக்கருத்து ஆசிரியருடையதா, பாத்திரத்துக்கு மட்டுமே உரியதா? கதை படிப்போர் அனைவரும் என்றேனும் சந்திக்கும் கேள்வி இது. பாத்திரம் சொல்வதையெல்லாம் ஆசிரியர் தலையில் சுமத்தினால் எவரும் கதை எழுத இயலாது. இராவணனின் சொற்களுக்குக் கம்பரைக் குற்றவாளி ஆக்க முடியுமா? அதே வேளையில், ‘அது பாத்திரம் சொன்னது, எனக்கும் அதற்கும் தொடர்பில்லை’ என்ற ஒரே விடையால் ஆசிரியர் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொள்ள முடியுமா?

இக்கேள்வி 1912-ஆம் ஆண்டு ஆங்கில இலக்கிய உலகில் ஒரு சிறு சர்ச்சையாக எழுந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை நான்கு நாவல்களிலும் ஐம்பத்தாறு சிறுகதைகளிலும் உலவ விட்டவர் சர் ஆர்தர் கானன் டாயில். 1887-இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் கதையில், எட்கர் ஆலன் போ படைத்த டூபின் என்ற துப்பறிவாளரை ஹோம்ஸ் மிகத் தாழ்வாகப் பேசுகிறார். துப்பறியும் கதையின் இலக்கணத்தையே போவிடமிருந்து பெற்றுக்கொண்டவர் இவ்வாறு நன்றி மறந்து எழுதலாமா என்று ஆர்தர் கைட்டர்மன் என்ற அமெரிக்கக் கவிஞர் செய்யுள் வடிவில் கேட்டார். டாயிலும் செய்யுளிலேயே பதில் அளித்தார். போவின்பால் தாம் கொண்ட மதிப்பை ஒளிக்காமல் சொன்னார். கர்வம் தம் பாத்திரத்தின் இயல்பு என்றும், பொம்மையையும் அதைச் செய்தவனையும் ஒன்றெனக் கருதுவது பேதைமை என்றும் விளக்கினார்.

இந்த விடை நியாயமானதே. அந்தக் காட்சியிலேயே அதற்குச் சான்று உள்ளது. டூபினைப் பற்றி ஹோம்ஸ் பேசியதும் கதை சொல்லும் வாட்சன் மனம் நோகிறார். இந்த மனிதர் அறிவாளிதான், ஆனால் தற்பெருமை மிக்கவர் என்று எண்ணிக்கொள்கிறார். பாத்திரத்தின் கர்வத்துக்குக் கதையே மறுப்பும் கூறிவிடுகிறது. ஆயினும் இதே விடை எல்லா இடத்திலும் பொருந்துமா? அதே ஆசிரியரின் அடுத்த ஹோம்ஸ் கதை இதற்கு ஓர் உரைகல். அக்கதையின் வேர் அந்தமான் தீவுகளில் இருக்கிறது.

டோங்கா என்னும் பாத்திரம்

1890 பிப்ரவரியில் வெளிவந்த ‘நால்வர் சின்னம்’ என்ற அந்தக் குறுநாவலில், அந்தமான் தண்டனைக் குடியேற்றத்திலிருந்து தப்பிய ஜோனதன் ஸ்மால் என்ற ஆங்கிலேயக் கைதியும், டோங்கா என்ற அந்தமான் பழங்குடி மனிதனும் லண்டனுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு கொலை நிகழ்கிறது. கொலையாளி யாராக இருக்கலாம் என்று ஆராயும் ஹோம்ஸ், புதிதாக வெளிவந்துகொண்டிருந்த ‘கெஸட்டியர்’ என்னும் நிலவியல் களஞ்சியத்தின் முதல் தொகுதியை எடுத்து, அதனை அண்மைக்கால ஆதாரநூல் என்று அறிமுகப்படுத்திவிட்டுப் படிக்கிறார். அந்தமான் பழங்குடியினர் சராசரியாக நான்கு அடிக்கும் குறைந்த உயரத்தினர், கோரமான தோற்றமுடையோர், கொடியவர், நச்சு அம்பு எய்பவர், கரை ஒதுங்கிய மாலுமிகளைக் கொன்று தின்பவர் என்பது அதன் சாரம்.

உண்மை வேறு. இக்கதை வெளிவருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தமானில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்து பழங்குடியினரின் மொழியைக் கற்ற ஈ. எச். மான் என்பவரின் விரிவான ஆய்வு, லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் 1883-இல் அச்சேறியிருந்தது. அங்கே நரமாமிசம் உண்ணும் வழக்கம் இல்லை என்று அவர் தெளிவாகக் குறித்தார். ஆடவரின் சராசரி உயரம் நான்கு அடி பத்து அங்குலத்தை ஒட்டியது. அவர்களுடைய அம்புகளில் நஞ்சு இல்லை. கதையில் டோங்கா கொலைக்குப் பயன்படுத்தும் ஊதுகுழாயும் நச்சு முள்ளும் அத்தீவினர் அறியாத கருவிகள். அவர்கள் நெருப்பை அணையாமல் காத்து, இறைச்சியைச் சமைத்து உண்பவர்கள்.

நரமாமிசக் கதை பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு வணிகர் குறிப்புகளிலும் பிறகு மார்க்கோ போலோவின் நூலிலும் அது காணப்படுகிறது. அத்தீவினருக்கு நாயின் தலை இருப்பதாகவும் மார்க்கோ போலோ எழுதினார். கேட்டவர் கேட்டதைச் சொல்ல, சொன்னதை அடுத்தவர் எழுத, ஆயிரம் ஆண்டு வதந்தி ஹோம்ஸின் கையில் ‘அண்மைக்கால ஆதாரம்’ ஆகிவிட்டது.

பூர்வபக்ஷமா, சித்தாந்தமா?

டாயிலின் வாதத்தை இங்கே வைத்துப் பார்க்கலாம். களஞ்சியத்தைப் படித்தவர் ஹோம்ஸ். எழுதியவர் பெயரறியா ஒருவர். ஆசிரியர் இருவருக்கும் பின்னால் நிற்கிறார். பொம்மை வேறு, செய்தவர் வேறு என்று இங்கும் கூறலாமா?

நம் நாட்டுத் தத்துவ மரபில் இதை ஆராய நல்ல கருவி உண்டு. சாஸ்திர நூலாசிரியர்கள் தமக்கு உடன்பாடற்ற கருத்தையும் நூலில் எழுதுவார்கள். பிரம்மசூத்திரத்துக்கு உரை செய்த சங்கரர், பௌத்தம், சாங்கியம் முதலியவற்றின் வாதங்களை முதலில் விரித்துரைக்கிறார். அது பூர்வபக்ஷம். பின்பு அதை மறுத்துத் தம் முடிவை நிறுவுகிறார். அது சித்தாந்தம். பூர்வபக்ஷத்தை எடுத்துக்காட்டி ‘இது சங்கரர் கருத்து’ என்று ஒருவர் கூறினால் அவர் நூலைப் படிக்கவில்லை என்றே பொருள். எது பூர்வபக்ஷம், எது சித்தாந்தம் என அறிய மீமாம்சகர்களும் வேதாந்திகளும் ஆறு அடையாளங்களைத் தந்தனர்: தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், திரும்பத் திரும்பக் கூறுதல், பிறவழியால் அறியவியலாத புதுமை, பயன், புகழ்ந்தோ இகழ்ந்தோ உரைத்தல், யுக்தி. இவை வேத வாக்கியங்களின் உட்கருத்தை அறிய வகுக்கப்பட்டவை. ஆயினும் ஒரு நூலின் உள்ளக்கிடக்கையைத் தேடும் எவருக்கும் இவற்றுள் பல கைகொடுக்கும்.

டூபினைப் பற்றிய ஹோம்ஸின் பேச்சு பூர்வபக்ஷம். வாட்சனின் மனக்குறிப்பு அதற்கு மறுப்பு. டோங்காவின் கதையிலோ அத்தகைய மறுப்பு இல்லை. களஞ்சியம் கூறிய கோரத்தோற்றத்தை, தேம்ஸ் நதியில் நடக்கும் படகுத் துரத்தலில் வாட்சன் தம் கண்ணால் கண்டதாகவே உறுதி செய்கிறார். இது திரும்பக் கூறல். அந்த முகத்தை மிருகத்தனத்தின் வடிவமாக வருணிக்கிறார். இது இகழ்ந்துரைத்தல். டோங்கா ஊதுகுழாயை உயர்த்தும்போது இருவரும் சுடுகிறார்கள். அவன் நதியில் வீழ்ந்து மறைகிறான். களஞ்சியம் தொடங்கியதைத் துப்பாக்கி முடிக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒத்துவிட்டன. வாசகர் பெறும் பயன் அச்சமும், அச்சம் தீர்ந்த நிம்மதியுமே. எனவே அந்தமானியர் பற்றிய அவதூறு இக்கதையில் பூர்வபக்ஷமன்று; சித்தாந்தமே. பொம்மையைக் காட்டி ஆசிரியர் இங்கே விலகிக்கொள்ள வழியில்லை.

ஆனால் இதே கதைக்குள் வேறொரு குரல் மெல்லியதாக ஒலிக்கிறது. காட்டில் சாகும் நிலையில் கிடந்த டோங்காவை ஸ்மால் பேணிக் காப்பாற்றுகிறான்; அதன்பின் டோங்கா அவனை விட்டுப் பிரிவதே இல்லை. இவனைப் போல் நம்பத்தக்க தோழன் எவருக்கும் வாய்த்ததில்லை என்று ஸ்மாலே சொல்கிறான். பிழைப்புக்காக டோங்காவைச் சந்தைகளில் ‘கறுப்பு நரமாமிச பட்சிணி’ என்று காட்சிக்கு வைத்ததாகவும் சொல்கிறான். காசு கொடுத்தவர் முன் டோங்கா பச்சை இறைச்சியைத் தின்று கூத்தாடுகிறான். கூர்ந்து படிப்பவருக்கு இந்த ஒரு செய்தி போதும். ‘நரமாமிச பட்சிணி’ என்பது அவன் இயல்பன்று. பிறர் அவனுக்குப் போட்ட வேடம். ஆசிரியரின் கைக்கு எட்டியிருந்த இந்த உண்மை அவர் உள்ளத்துக்கு எட்டாமல் போயிற்று. கதை முழுவதிலும் டோங்காவின் வாயிலிருந்து ஒரு வாக்கியம்கூட நேராக வரவில்லை என்பதே அதற்குக் காரணம். அவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவன் மட்டும் பேசவில்லை.

ஆப்தர் யார்?

பிறர் சொல்லை எப்போது அறிவாகக் கொள்ளலாம்? நியாய சூத்திரம், ஆப்தரின் உபதேசமே சப்தப் பிரமாணம் என வரையறுக்கிறது. ஒரு பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே பிறருக்கு எடுத்துரைக்க விரும்புபவர் ஆப்தர் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். அதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்கிறார். ஆப்தத் தன்மை குலத்தாலோ கல்வியாலோ வருவதன்று. நேரறிவாலும் நேர்மையாலும் வருவது.

இந்த அளவுகோலின்படி, அந்தமான் வாழ்க்கை குறித்து ஆப்தர் யார்? தீவைக் காணாமல் லண்டனில் தொகுக்கப்பட்ட களஞ்சியமா, காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் வைத்திருந்த தீவினரா? விடை வெளிப்படை. ஆனால் அவர்களைக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. பேசத் தெரியாதவர் என்று முன்பே முடிவு கட்டிவிட்டால், கேட்கும் கடமை எங்கிருந்து வரும்?

தீவில் நடந்தது

வரலாறு இக்கதையைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறது. 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். அடுத்த மாதமே, 1857 எழுச்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் தூத்நாத் திவாரி பிற கைதிகளோடு தப்பிக் காட்டுக்குள் சென்றார். தங்கள் நிலத்தில் புகுந்தவர்களைப் பழங்குடியினர் தாக்கினர். உடன் சென்றோர் மாண்டனர். காயமுற்ற திவாரியை அவர்கள் கொல்லாமல் விட்டு, தம்மோடு சேர்த்துக்கொண்டு, மணமும் செய்துவைத்தனர். ஏறத்தாழ ஓராண்டு அவர் அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். குடியேற்றத்தைத் தாக்க அவர்கள் திட்டமிட்டபோது, முன்கூட்டியே ஓடிவந்து ஆங்கிலேயருக்குச் செய்தி சொன்னார். 1859 மே மாதம் அபர்டீனில் நிகழ்ந்த மோதலில் வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் தோற்றன. திவாரிக்கு விடுதலை கிடைத்தது.

கதையில் வெளியார் ஒருவன் தீவினனைக் காப்பாற்றுகிறான். தீவினன் சாகும்வரை விசுவாசமாக இருக்கிறான். வரலாற்றில் தீவினர் வெளியார் ஒருவரைக் காப்பாற்றினர். காப்பாற்றப்பட்டவர் அவர்களைக் காட்டிக்கொடுத்தார். திவாரியும் சிறையின் கொடுமைக்கு அஞ்சிய மனிதர்தாம். அவரை இழித்துரைப்பது நோக்கமன்று. ஆயினும், களஞ்சியத்தை எழுதும் வாய்ப்பு அந்தப் பழங்குடியினருக்குக் கிடைத்திருந்தால், வெளியாரின் குணம் என்று எதை எழுதியிருப்பார்கள்?

அதன்பின் நடந்தது துயரம். வெளியாரோடு வந்த நோய்களைத் தாங்கும் வலிமை அவர்கள் உடலுக்கு இல்லை. 1877-இல் பரவிய தட்டம்மை பலரைக் கொண்டுசென்றது. குடியேற்றம் தொடங்கியபோது சில ஆயிரமாக இருந்த பெரிய அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். 2011-இல் 44 பேர். நச்சு முள்ளைக் கற்பனை செய்து லண்டன் வாசகர்கள் நடுங்கிய அதே ஆண்டுகளில், வெளியார் கொணர்ந்த நோயால் தீவினர் மெய்யாகவே மடிந்துகொண்டிருந்தனர். கதை அவர்களைக் கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் கொடியவர் என்று முன்பே தீர்ப்பளிக்கப்பட்டோரின் சாவுக்கு உலகம் அழுவதில்லை. அவதூறு செய்யும் பெருந்தீங்கு இதுவே.

சாதுவனும் நாகர் தலைவனும்

இதே வதந்தி தமிழிலக்கியத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து, ஆடையற்ற நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறுகிறான். அவ்விடத்தை நக்கவாரம் எனப்படும் நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துப் பார்க்கும் கருத்தும் உண்டு. அங்குள்ளோர் அவனை உண்ண வருகிறார்கள். சாத்தனாரும் அவர்களை நரமாமிசம் உண்போராகவே காட்டுகிறார். ஆனால் அதற்குப்பின் அவர் செய்வது வேறு.

சாதுவன் அவர்கள் மொழியை அறிந்தவன். அம்மொழியில் பேசியதும் அவர்கள் அவனை மதித்துத் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள். பெண்டிரும் உண்டியும் இல்லாவிட்டால் வாழ்வில் என்ன பயன் என்று தலைவன் கேட்கிறான். சாதுவன் பிறப்பு இறப்பு பற்றிக் கூறியதும், உடலை விட்டு உயிர் சென்று வேறிடம் புகுவது எப்படி என்று நகைத்து வினவுகிறான். உலோகாயதர் கேட்ட அதே தத்துவ வினா! உயிருள்ள உடல் உணர்கிறது. உயிர் நீங்கிய உடலை வெட்டினாலும் சுட்டாலும் உணர்வதில்லை. எனில் பிரிந்து சென்றது ஒன்று உண்டு என்று சாதுவன் விடை சொல்கிறான். தலைவன் பணிந்து, எங்களால் இயலக்கூடிய அறத்தைச் சொல் என்கிறான். கப்பல் உடைந்து வருவோரைக் காப்பாற்றுங்கள். மூத்துத் தாமே இறக்கும் விலங்கின் ஊனை அன்றி வேறு உயிருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று, அவர்கள் தாங்கக்கூடிய அளவில் சாதுவன் கூறுகிறான்.

சாத்தனாரின் சித்தாந்தம் சாதுவனின் வாயில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாகர் தலைவன் வெறும் பூச்சாண்டி அல்லன். அவனுக்கு வாய் உண்டு; அறிவுக் கூர்மை உண்டு; தன் எல்லையை அறிந்து சொல்லும் நேர்மை உண்டு. கேட்ட செய்தியில் சாத்தனாரும் பிழைபட்டிருக்கலாம். ஆனால் பிழையான செய்தியைக் கொண்டு வந்தபோதும், அச்செய்திக்கு உரியவனைப் பேச விட்டார். பேச விட்டதும் அவன் மனிதனாகிவிட்டான்.

எனவே பாத்திரத்தின் சொல்லை ஆசிரியரோடு இணைப்பதற்கு அளவுகோல் இதுவெனலாம்: தீய சொல்லைச் சொன்னது எந்த வாய் என்பதோடு நில்லாமல், அச்சொல்லுக்கு இலக்கானவர் பதில் கூறக் கதையில் இடம் உண்டா என்று பார்க்கவேண்டும். இடம் இருந்தால், எத்தனை கொடிய சொல்லையும் பாத்திரம் பேசலாம். இடம் இல்லையேல், எத்தனை வாய்களுக்குப் பின்னால் ஒளிந்தாலும் பொறுப்பு ஆசிரியரைத் தேடி வந்து சேரும்.

நல்லவரின் பிழை

இதனால் டாயிலைத் தீயவர் என முடிவு கட்டுவது, களஞ்சியம் செய்த அதே தவற்றைச் செய்வதாகும். 1907-இல், இந்தியப் பார்ஸி வம்சத்தில் பிறந்த தந்தைக்கு மகனான ஜார்ஜ் எடல்ஜி மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றத்தை எதிர்த்து அவர் போராடினார். 1909-இல், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் காங்கோ மக்கள் பட்ட கொடுமைகளை உலகறியச் செய்ய ஒரு நூலே எழுதினார். அவ்விரு இடங்களிலும் அவர் செய்தது என்ன? பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்தார், கண்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டினார், அதாவது, கேட்டார். அந்தமான் விஷயத்தில் கேட்கவில்லை. மனிதர் ஒருவரே, உள்ளமும் ஒன்றே. கேட்ட இடத்தில் நீதியின் பக்கம் நின்றார். கேளாத இடத்தில் அநீதிக்குக் கருவியானார். நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வெகுகாலம் கழித்து, கேட்பவர் ஒருவர் வந்தார். மொழியியல் அறிஞர் அன்விதா அபி, பெரிய அந்தமானியர் மொழிகளைப் பதிவு செய்யத் தீவுகளுக்குச் சென்று அவர்களோடு இருந்து அவர்கள் பேச்சைக் கற்றார். ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் என்ற மூதாட்டி, தம் மொழியில் பேசத் துணையின்றிப் பறவைகளோடு பேசி வந்தார். 2010 ஜனவரியில் அவர் மறைந்ததோடு அம்மொழியும் மறைந்தது. ஆயினும் அவர் பாடிய பாடல்களும், நாவ் ஜூனியர் என்பவர் நினைவிலிருந்து மீட்டுரைத்த முன்னோர் கதைகளும் 2021-இல் நூலாக வெளிவந்தன. ஆப்தர்களே பேசிய நூல் அது. டோங்காவுக்கு மறுக்கப்பட்ட வாய், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் மக்களுக்கு ஓரளவேனும் கிட்டியது.

நம் அன்றாடப் பேச்சில்

இது கதாசிரியர்களுக்கு மட்டும் உரிய பிரச்சனை அன்று. ‘நான் சொல்லவில்லை, ஊரே அப்படிச் சொல்கிறது’ என்று ஒருவர் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசும்போது அவரும் ஒரு பாத்திரத்தைப் படைக்கிறார். ‘ஊர்’ என்பது அவருடைய ஹோம்ஸ். ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்பது அவருடைய களஞ்சியம். வேற்று ஜாதியார், வேற்று மாநிலத்தார், மலைவாழ் மக்கள், சிறை சென்று திரும்பியவர் ஆகியோரைப் பற்றிப் பிறர் வாயில் வைத்து நாம் சொல்வதெல்லாம் இவ்வகையே. ஒரு சொல்லை எடுத்துச் செல்பவருக்கும் அதில் பங்கு உண்டு. எவர் வாயிலிருந்து வந்தாலும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் கூறியது, பிறர் வாய்ச்சொல்லைக் கேட்பவருக்கும் அதை மேலும் பரப்புபவருக்கும் ஒருங்கே பொருந்தும்.

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பெற்றோரும், வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரும், மேடையில் உபந்யாசம் செய்வோரும் இரண்டு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். இந்தச் செய்தியை நேரில் அறிந்து சொன்னவர் யார்? இதற்கு உரியவர் இங்கே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், இதே சொற்களை இதே குரலில் சொல்ல இயலுமா? இரண்டாம் கேள்விக்கு இயலாது என்று விடை வந்தால், அந்தக் கதையை அன்று சொல்லாமல் விட்டு, அவரிடமே போய்க் கேட்டறிந்து மறுநாள் சொல்வது நல்லது.